ஒப்பீட்டுக் கிராமம்

கள ஆய்வுக்குப் போனால் எந்த வீட்டிலும் முதலில் உட்காரக் கதிரையைத் துடைத்துத்தான் தருவார்கள், ஐயா. அந்த மரியாதையை நான் துஷ்பிரயோகம் செய்ததில்லை.

உள்ளூர்த் தலைமைகள் அரசை எப்படி அசைக்கின்றன என்பதுதான் என் கலாநிதிப் பட்ட ஆய்வு. கற்பிட்டிக் கரையில் அடுத்தடுத்த இரண்டு கிராமங்களைத் தெரிவுசெய்து, கிணற்று நீரைப் பரிசோதித்தேன். தோட்டங்களின் உரம் இறங்கி, இரண்டிலும் கைக்குழந்தைகளுக்கு ஆகாத நீர். முதல் கிராமத்தில் பள்ளிவாசல் செயலாளர் முஸம்மிலிடம் அறிக்கையைக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் தண்ணீர் பவுசர் லொறி வந்தது.

இரண்டாவது கிராமத்துக்குச் சொல்லவில்லை. தகவல் கிடைக்காத தலைமை தானாக விழிக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்று அளக்க வேண்டியிருந்தது. பதினெட்டு மாதம் ஒதுக்கியிருந்தேன்.

அங்கே மீனவர் சங்கத் தலைவர் இன்னாசிப்பிள்ளை என்னை மிகவும் சலிப்படையச் செய்தார். பிரதேச சபைக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் றோட்டுக்காக. தண்ணீரைப் பற்றி வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சொன்னால் தரவு கெட்டுவிடும். மேற்பார்வையாளரோ எதைக் காட்டினாலும் "போதாது" என்று திருப்பி அனுப்பினார். என் நிலையை யாரும் யோசிக்கவில்லை.

பதினான்காம் மாதம் அதே கிராமத்தில் கத்தரினா என்ற தாயின் வீட்டுக்குப் போனேன். மடியில் இரண்டு மாதக் குழந்தை புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தது.

"தண்ணிய டெஸ்டுக்குக் கொண்டு போனீங்களே சேர், என்ன வந்தது?"

"இன்னும் வரல்ல."

"எதுக்கும் நல்லாக் கொதிக்க வச்சுத்தான் பால் கரைக்கிறன்."

கொதிக்க வைத்தால் அந்த நஞ்சு செறியுமே தவிரப் போகாது. குழந்தையின் உதடு இலேசாக நீலம் பாரித்திருந்தது. திகதியோடு குறித்துக்கொண்டேன்.

"நல்லது," என்றேன்.

ஒன்பதாம் நாள் குழந்தை இறந்தது. வைத்தியர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வாரமே பவுசர் வந்துவிட்டது. யாரும் கேட்காமல் வந்த பவுசரை எந்தத் தலைமையின் கணக்கில் சேர்ப்பது? மிச்ச நான்கு மாதமும் வீணாகிப் போனது.

துக்கம் விசாரிக்கப் போனேன். அன்று கதிரை தரவில்லை.

"தண்ணிதான் காரணமெண்டு டொக்டர் சொல்றார். சேருக்கு எப்ப தெரியும்?" என்று கத்தரினா கேட்டாள்.

"பதினாலு மாசத்துக்கு முதலே," என்றேன்.

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. ஆய்வில் பங்கெடுத்தவர்களிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, ஐயா. அதை வாக்குமூலத்தில் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.