பொந்தை முதலில் கண்டவன்

எனக்கு இடது காது கேட்காது ஐயா, கேள்வியை இந்தப் பக்கமாக வந்து கேளுங்கள். ஷிங்கு ஆற்றில் இருபது வருஷம் முக்குளித்ததில் போன காது அது. அதற்குப் பிறகு ஆழத்துக்குப் போக முடியவில்லை. என் தங்கை புருஷன் ஒஸ்மரீனோ இறங்குவான். நான் படகில் உட்கார்ந்து, கம்ப்ரசரையும் அவன் வாய்க்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் குழாயையும் பார்த்துக்கொள்வேன்.

போன செப்டம்பரில் பெலேம் நகரத்திலிருந்து மீன் ஆராய்ச்சி செய்யும் ஈவெத்தி அம்மா வந்தார். ஜக்குந்தா மீன் வேண்டும், இதுவரை யாரும் எழுதிவைக்காத வகையாக இருந்தால் நல்லது என்றார். பெரிய அருவிக்குக் கீழே பாறையடியில் ஒரு பொந்து உண்டு. அங்கே இருக்கிற ஜக்குந்தாவுக்கு வயிறு செம்மண் நிறம். ஆணும் பெண்ணும் சேர்ந்தே குஞ்சுகளைக் காக்கும். அந்தப் பொந்தை நான்தான் கண்டேன், இரண்டு காதும் கேட்ட காலத்தில். ஒஸ்மரீனோவுக்குக் காட்டிக்கொடுத்ததும் நான்தான்.

மூன்றாம் நாள் காலை அவன் ஒரு ஜோடியைப் பிடித்து வந்தான். அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மத்தியானம் பாறைமேல் உட்கார்ந்து மரவள்ளி மாவும் பொரித்த மீனும் சாப்பிட்டோம்.

"இது புது வகைதான். கண்டுபிடிச்சவர் பேரையே வைக்கப்போறேன். அந்த இடத்தை யாரு முதல்ல பார்த்தது?" என்று கேட்டார்.

"நான்தாம்மா," என்றான் ஒஸ்மரீனோ. என் தொடையில் தட்டினான். "மச்சானுக்குத் தண்ணியைப் பார்த்தாலே காது வலிக்குமே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுத்திருக்கலாம்தான். சாப்பிடுகிற இடத்தில் சண்டை போடுவது எனக்குப் பிடிக்காது.

பிற்பகலில் இன்னொரு ஜோடிக்காக அவன் இறங்கினான். அம்மா கரையில் மீன்களை அளந்துகொண்டிருந்தார். இடுப்பில் ஈயக்கட்டியோடு அவன் பொந்துக்குள் உடம்பை நுழைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை பொறுத்திருந்தேன். பிறகு குழாயை மடித்து அதன்மேல் காலை வைத்துக்கொண்டேன். அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிறு இரண்டு தரம் இழுபட்டது. தூக்கு என்று அர்த்தம். அப்புறம் பல தரம். கம்ப்ரசர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கயிறு அசைவது நின்றதும் காலை எடுத்தேன், கூப்பாடு போட்டேன். மிச்சமுள்ள காதும் போய்விடும் என்று தெரிந்தும், நானே முங்கி அவனை மேலே கொண்டுவந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். பாறையில் சிக்கிக்கொண்டான் என்று ஊரே நம்பியது, விசாரிக்க வந்த போலீஸ் நீங்களும் நம்பினீர்கள். யாரும் என்னைத் தேடவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன்.

போன வாரம் அந்த அம்மாவின் கட்டுரை தபாலில் வந்தது. மீனுக்கு ஒஸ்மரீனோவின் பெயர். பொந்தைக் கண்டுபிடித்து, அதற்காகவே உயிரையும் கொடுத்தவன் என்று கீழே இரண்டு வரி. தங்கை அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். அவன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை ஐயா. அச்சில் பொய் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவனைக் கொன்றது நான். அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பொந்தை முதலில் கண்டவன் ஜுசெலீனோ என்பதை மட்டும் எழுத்துப் பிசகாமல் எழுதி, பெலேமுக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.