வேண்டியவரிடம் கொடுத்த சாவி

இந்த மேசை ஆடுகிறது, ஐயா. காலுக்கு அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தால் நின்றுவிடும். நான் கொஞ்சம் அப்படி. கோணலைக் கண்டால் சும்மா இருக்கமாட்டேன்.

மாப்பிள்ளையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? அவரை வேலைக்குச் சேர்த்ததும் நான்தான், தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். விண்கலத்துக்கான அணு எஞ்சினை இருவரும் சேர்ந்தே உருவாக்கினோம். சின்ன அணு உலை ஒன்று; அதன் சூட்டில் ஹைட்ரஜன் பொங்கிப் பின்னால் பீய்ச்சும், கலம் முன்னால் பாயும். செவ்வாய்ப் பயணம் பாதியாகக் குறையும். அந்தச் சூட்டைத் தாங்க எரிபொருள் தண்டுகளுக்கு மேல்பூச்சு வேண்டும். பூச்சு என்னுடையது. எனக்குத் தலை நரைத்ததே அதில்தான்.

மேலிடக் குழுவின் முன்னால் மாப்பிள்ளை எழுந்து, "இந்தப் பூச்சு விரிசல் விடும். ஆள் ஏத்தி அனுப்பக் கூடாது" என்றார். பக்கத்து நாற்காலியில் நான். முந்தின நாள் என் வீட்டில்தான் சாப்பிட்டார், வாயைத் திறக்கவில்லை. முதுகில் குத்துவது என்பார்களே, அந்த வலி அன்றுதான் தெரிந்தது. என் பதவியையும் அவருக்கே கொடுத்தார்கள். வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்கினேன்.

என் தண்டுகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றது குழு. ஓடாத உலையைக் கையால் தொடலாம், ஐயா. ஓடும்போது அருகில் நின்றவர் பிழைக்கமாட்டார். அதனால் உலை அறைக்குள் போகிறவர், வெளியே இருக்கும் இயக்குப் பலகையிலிருந்து தன் சாவியை உருவிக்கொள்வார். ஒரு சாவி குறைந்தாலும் உலை கிளம்பாது. ஆனால் உள்ளே ஒரு திருகாணி விழுந்தாலும் வம்பு என்பதால், பையில் எதுவும் இருக்கக் கூடாது. சாவியை வெளியே நிற்கும் வேண்டியவரிடம் கொடுத்துவிட்டுப் போவோம்.

மாப்பிள்ளை என்னிடம் கொடுத்தார்.

"வச்சுக்குங்க மச்சான். ஓட்டுறதுக்கு முன்னாடி தண்டை நானே ஒருதடவ பாத்துடுறேன். நல்லா இருந்தா குழுகிட்ட போய் நானே மன்னிப்புக் கேக்குறேன், போதுமா?"

கேட்க வேண்டி வந்திருக்காது. சோதனைச் சூளையில் அந்தப் பூச்சு விரிசல் விட்டதை அவருக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, நல்லதாக ஒன்றை எல்லோருக்கும் காட்டினேன். அது வேறு விஷயம். எங்களுக்குள் இருப்பதை முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

கதவு சாத்தியதும் சாவியைப் பலகையில் செருகினேன்.

"சார் வெளிய வந்துட்டாரா?" என்று கேட்டார் உலையை இயக்குபவர்.

"வந்துட்டாரு. பின்பக்கமா போயிட்டாரு."

அவர் பொத்தானை அழுத்தினார். அவர்மேல் குற்றமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். சாவிகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

தங்கையிடம்தான் இன்னும் பேசவில்லை. நீங்கள் அனுமதித்தால், அவள் கணவர் எனக்குச் செய்த துரோகத்தை நானே பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். பாவம், அவள் அவரை அவ்வளவு நம்பியிருந்தாள்.