அம்மா பாட்டு படித்த வீடியோ

வீடியோவைச் சுருக்க இலவசமாகக் கிடைக்கும் சாப்ட்வேர்களில் பாதி, படத்தின் மூலையில் தன் பெயரை அடித்துவிடும். எனக்கு அது பிடிக்காது. நம் வீட்டு வீடியோவில் அடுத்தவன் பெயர் எதற்கு சார்?

அருமனையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். கல்யாண வீடியோவைப் போனில் பார்க்கிற மாதிரி மாற்றித் தரச் சொல்லி வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். அதனால் அம்மாவின் வீடியோவை அண்ணனுக்கு அனுப்பும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அண்ணன் சிஜின் சவுதியில், பாலைவனத்து முகாமில் இருந்தான். அங்கே நெட் இழுக்காது, வீடியோ கால் நிற்காது. அம்மா நேசபாய்க்குக் காது மந்தம், சாதாரண போனும் சரிப்படாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நான் போனைப் பிடிப்பேன், கட்டிலில் சாய்ந்தபடி அம்மா பத்து நிமிஷம் அண்ணனிடம் பேசுவாள். அது அப்படியே போகாது. சுருக்கித்தான் ஆக வேண்டும்.

மூன்று சாப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். முதலாவது பெயர் அடித்தது. இரண்டாவதில் வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். மூன்றாவது நல்லது. வேண்டாததை வெட்டலாம், சத்தத்தை எடுத்துவிட்டு வேறு சத்தம் சேர்க்கலாம். அதையே வைத்துக்கொண்டேன்.

சத்தத்தை எடுத்தால் சைஸ் குறையும். ரொம்பக் குறையாது, பத்தில் ஒரு பங்குகூட வராது. அது எனக்குத் தெரியும்.

முதல் வீடியோ போனதும் அண்ணன் கேட்டான். "ஏட்டி லீமா, அம்மைக்க சத்தத்தக் காணேல்லியே?"

அடுத்த வாரம், அம்மா முன்பு பாடி என் போனில் கிடந்த ஒரு கீர்த்தனையை மேலே போட்டு அனுப்பினேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். "அம்மை நல்லா பாட்டு படிக்காளே. நானும் கூடச் சேந்து படிச்சேன் பாத்துக்க" என்று குரல் பதிவு அனுப்பினான்.

அம்மா பாடவில்லை. "மக்களே, ஒருக்கா வந்துட்டுப் போ. காலு அழுகுது. ஆசுபத்திரிக்குக் கொண்டு போவ ஆளில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சர்க்கரைப் புண், பெருவிரலில் தொடங்கியது. நாலாவது வாரத்திலிருந்து படத்தின் கீழ்ப்பகுதியையும் வெட்டினேன். முழங்காலுக்குக் கீழே இல்லாவிட்டால் சைஸ் இன்னும் குறையும்.

ஆளில்லை என்றாள் சார், நான் எதிரில் நிற்கும்போது. குளிப்பாட்டியது நான், பீ மூத்திரம் அள்ளியது நான், போனைப் பிடித்து நின்றதும் நான். அம்மா போனிடம் கேட்டாள், என்னிடம் கேட்கவில்லை. என் பேரைச் சொல்லி ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றைக்கே ஆட்டோ கூப்பிட்டிருப்பேன். முதல் இரண்டு வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு எரிச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஞாயிறு வந்தால் பிடிப்பேன், வெட்டுவேன், அனுப்புவேன்.

பதினொரு வாரம் போனது. அடக்கத்துக்கு வந்த அண்ணன் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தான்.

நான் மறுக்கவில்லை. விரல் கறுத்தபோதே, நான் காட்டிய போட்டோவைப் பார்த்து டாக்டர் இரண்டு நாளுக்குள் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனால் பிழைப்பாள் என்று தெரிந்துதான் கொண்டுபோகாமல் இருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வீடியோ எதையும் அழிக்கவில்லை. பதினொன்றும் சத்தத்தோடு சென்டர் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள், முழுக்க முழுக்க அவனைத்தான் கூப்பிடுவாள். கடைசி வீடியோவில் மட்டும் "லீமா, லீமா மக்களே" என்று என்னைப் பார்த்து நாலைந்து தடவை வரும். அதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது சார். அப்போது அம்மா தண்ணீர்தான் கேட்டாள்.