ஷோபனாவின் பெயரில்

என் ஜெராக்ஸ் கடை கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது, மேடம். வருகிறவர்கள் எல்லோரும் ரயிலைப் பிடிக்கிற அவசரத்திலேயே வருவார்கள். அதனால் நான் பதறாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். என் வாக்குமூலத்தை நீங்கள் டைப் பண்ணுகிற வேகத்துக்கே சொல்கிறேன்.

ஷோபனாவை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் கணவர் கஜபதி, ஆவடி பாக்டரியில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் தெருவில் ஓர் அறைக்குக் குடிவந்தாள். பிள்ளை இல்லை, சொந்தமெல்லாம் தேனிப் பக்கம். குடும்பப் பென்ஷன், மருத்துவ அட்டை எல்லாவற்றுக்கும் நான்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். ஆதார், கைரேகை, ஓடிபி எதைக் கேட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டாள். "நீங்க பாத்துக்கங்கண்ணே" என்பாள்.

அப்போதுதான் என் மனைவி நாகவல்லிக்கு இதய வால்வு கெட்டுப்போனது. அரசு ஆஸ்பத்திரியில் காத்திருக்கச் சொன்னார்கள். அவளால் படுக்கக்கூட முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிப்பாள். ஷோபனாவின் மருத்துவ அட்டை புதுப்பிப்பதற்காக என்னிடம் இருந்தது. அதைக் காட்டினால் தனியார் ஆஸ்பத்திரியிலேயே காசில்லாமல் ஆபரேஷன் செய்வார்கள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அட்டையில் படத்தை மாற்றுவதெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்லை.

நாகவல்லிதான் தயங்கினாள். "இன்னாய்யா இது, அடுத்தவ பேருல நான் போய்ப் படுத்துக்கினு... அந்தப் பொண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா?"

"அவளுக்கு இன்னா ஆவப்போவுது? நீ எழுந்து வா, அது போதும்."

அவள் எழுந்து வரவில்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழிக்காமலே போய்விட்டாள். அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் உடலை வாங்கக் கையெழுத்துக் கேட்டார்கள். ஷோபனாவுக்குக் கணவர் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அண்ணன் என்று எழுதினேன். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முதலில் ஓடிவந்து அழுதவள் ஷோபனாதான். அப்புறம் பல நாள் எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு அவள் பென்ஷன் நின்றது. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

"அண்ணே, நான் செத்துட்டேனாம்."

உட்காரவைத்து, யாரோ உன் பெயரைத் திருடியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். சைபர் கிரைமில் புகார், ஆதார் மையம், இறப்புப் பதிவை ரத்து செய்ய மனு என்று செய்ய வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் எழுதினேன். எதையும் அனுப்பவில்லை. அவள் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் அலைந்தாள். மனுவே வரவில்லை என்பார்கள். நான் இன்னொன்று எழுதுவேன். நடுவில் தையல் மிஷினை விற்றாள்.

ஒருநாள் அவளாகவே இறப்புச் சான்றிதழின் நகலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தேதியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அண்ணே, அண்ணி தவறுன அன்னிக்குத்தான் நானும் போயிருக்கேன்."

அவள் முகத்தில் சந்தேகம் இல்லை, மேடம். இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். என் துக்கத்தைக் கிளறிவிட்டோமே என்றுதான் கலங்கினாள்.

மறுநாள் பேங்குக்குப் போய்க் கேட்கப்போவதாகச் சொன்னாள். அவள் போவதற்கு முன்னால் நான் மேனேஜருக்குப் போன் செய்து, இறந்துபோன பெண்ணின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருத்தி வருகிறாள் என்றேன். நான் யார் என்று சொல்லவில்லை.

மேனேஜர் அவளைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டார். சாயங்காலம் என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அவள்தான் என்னைச் சாட்சியாகச் சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அழகேசண்ணன் வந்துட்டாரு. அவரையே கேளுங்க சார்."

ஏட்டு கேட்டார். "இன்னாபா, இந்தம்மா ஷோபனாதானா?"

"இல்ல சார். அவங்க தவறிட்டாங்க. இவங்க யாருன்னு தெரியல."

அவள் கத்தவில்லை. "அண்ணே" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள், எனக்குக் காது கேட்கவில்லையோ என்பதுபோல. ஆள்மாறாட்டம் என்று புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

குவார்ட்டர்ஸில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரரான பஞ்சவர்ணம் அம்மா தேடிவந்து அடையாளம் சொல்லியிருக்காவிட்டால் நீங்கள் என்னிடம் வந்திருக்க மாட்டீர்கள். தப்பென்றால் தப்புதான். ஆனால் ஷோபனாவுக்கு நான் எதிரியில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும், உயிரோடு இருப்பதாக அவள் மறுபடி மனுப் போட வேண்டியிருக்கும். கண்டவர்களிடம் போய் ஏமாற வேண்டாம் என்று சொல்லுங்கள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?