ஒரே நாளில் இரண்டு படம்

நோன்பு மாதத்தில் பெரிய படத்தை இறக்கக் கூடாது. ஷேக் தாவூது பாய் மாதிரி உணவுக்கடைக் குடும்பங்கள் வராத மாதத்தில் தியேட்டர் தூங்கி வழியும். பள்ளித் தேர்வு நேரமும் ஆகாது. எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது தீபாவளி. சென்னைப் படங்களை மலேசியாவில் வெளியிடும் கம்பெனியில் தேதி குறிப்பதுதான் என் வேலை, இன்ஸ்பெக்டர் சார். உமாபதி குறித்த தேதி தப்பாது என்பார்கள். அந்தப் பெயரை விட்டால் எனக்கு வேறொன்றும் இல்லை.

இந்த வருடம் அதே நாளை, உள்ளூரில் படம் எடுக்கும் ஜீவனும் குறித்திருந்தான். கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில், அங்குள்ள சனங்களையே நடிக்கவைத்து எடுத்த சின்னப் படம். தன் முகமே திரையில் வரும்போது எந்தத் தோட்டத்துக்காரன் என் கதாநாயகனைப் பார்க்க வருவான்? புக்கிட் பெலிம்பிங்கில் அவன் வீட்டுக்கே போய்த் தன்மையாகக் கேட்டேன்.

"ரெண்டு வாரம் தள்ளிப் போடு, தம்பி."

"முடியாதுண்ணே. தீபாவளிக்குத்தான்லா நம்ம பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்கு வரும். அப்பாவும் அன்னிக்கே பார்க்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

அவன் அப்பா நல்லசாமி மாமா உள்ளேயிருந்து சிரித்தார். படத்தில் அவர் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோராக வருகிறார். அன்றைக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சட்டைகூட எடுத்தாயிற்று.

நான் யாரிடமும் கோபப்படுவதில்லை. யோசித்தேன். சாவு விழுந்த வீட்டில் தீபாவளி கிடையாது. எண்ணெய் தேய்க்க மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை படம் மட்டும் வெளியிடுவானா? ஜீவன் வாழ வேண்டியவன். அவன் அம்மா நாகமணி அக்கா பாவம். மாமா வாழ்ந்து முடித்தவர்.

அவருக்கு ஆற்றில் தூண்டில் போடப் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே காரில் கூட்டிப்போனேன். வழியில் தோசை வாங்கிக் கொடுத்தேன். படகுத்துறைப் பலகை ஈரமாக இருந்தது.

"புடிச்சுக்க, உமாபதி" என்று கையை நீட்டினார்.

தள்ளினேன். தண்ணீர் அவரைக் கடல் பக்கம் கொண்டுபோனது.

வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொல்லி, காரியங்களை முன்னே நின்று செய்தேன். கருமாதி முடிந்ததும் ஜீவனிடம் தேதியைப் பற்றி மெதுவாகப் பேச்செடுத்தேன். நாகமணி அக்கா குறுக்கிட்டார்.

"வீட்டுல தீபாவளி வேணாம். ஆனா படம் அவரு கேட்ட நாள்லயே வரட்டும்யா. அவரை இனிமே வேற எங்க போயிப் பார்ப்பேன்?"

தீபாவளியன்று அவன் படத்துக்குச் சுங்கை ஆயர் தாவாரிலிருந்துகூட வேன் பிடித்து வந்தார்கள். மாமா திரையில் வந்ததும் அரங்கமே அழுதது. பக்கத்து அரங்கில் என் படம் காலி நாற்காலிகளுக்கு ஓடியது.

தவறு என்னுடையதுதான், சார். மறைக்கவில்லை. எழவு வீட்டுப் படத்துக்கு இவ்வளவு கூட்டம் வரும் என்று தெரிந்திருந்தால், என் படத்தைப் பொங்கலுக்குத் தள்ளியிருப்பேன்.