ஆபீசர் வரும் நாளில்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். பெருமுக்கல் தாண்டியதும் தங்கை சொன்னாள்:

“இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆபீசர் வர்ற அன்னிக்கு மட்டும் நான் டீச்சர் இல்லியாம்க்கா.”

“ட்ரெய்னிங் முடிக்காதவள வெச்சிருக்கோம்னு தெரிஞ்சா ஹெச்.எம்.முக்குத்தானடி வம்பு? இன்னிக்கு ஒரு நாள் லீவு போடேன்.”

“லீவு வேணாமாம். சத்துணவுக் கூடத்துல உக்காந்து வெங்காயம் உரிக்கணுமாம். போன வாட்டி உரிச்சேன். பிள்ளைங்க வரிசையா அங்கயே வந்து, ‘டீச்சர், கணக்கு சரியா பாருங்க’ன்னு நோட்ட நீட்டுதுங்க.”

அக்கா சிரித்துவிட்டாள். “நீ என்னா பண்ண?”

“வெங்காயக் கையோட டிக் போட்டேன். இன்னிக்கு கிளாஸ்லதான் போடுவேன்.”

“வேலை போயிடும்டி.”

“போவட்டும். உப்பு வாரப் போறவங்க பிள்ளைங்கள என்கிட்டதான் வுட்டுட்டுப் போறாங்க. ஒருத்தராவது சர்ட்டிஃபிகேட் கேட்டாங்களா?”

வெளியே உப்பளங்கள் தெரிய ஆரம்பித்தன.

“நீ யாருன்னு ஆபீசர் கேட்டா என்னா சொல்லுவ?”

“என்னை ஏன் கேக்கணும்? பிள்ளைங்கள கேக்கட்டும். பொய் சொல்ல நான் அதுங்களுக்குக் கத்துக்குடுக்கல.”