மிருதங்கம் எந்தப் பக்கம்

– கண்ணை நல்லா மூடிக்கோ சுபா. பாடுறவங்க நடுவுல உக்காந்திருக்காங்க. இப்பச் சொல்லு, மிருதங்கம் எந்தப் பக்கம்?

– உங்க பக்கந்தாங்க.

– வயலின்?

– அதுவும் உங்க பக்கந்தான். என்னமோ போங்க, காலையிலேருந்து மூணு வண்டியிலயும் இதையே கேக்குறீங்க, நானும் இதையே சொல்றேன். கண்ணைத் தொறக்கலாமா?

– தொற. ஏம்மா தேவதர்ஷினி, பின் சீட்டுலேருந்து நீயே கேட்டியே. உங்க ஷோரூம்ல இருக்கற மூணு வண்டியும் அவுட். முதல் வண்டிக்கு நாலு ஸ்பீக்கர், சரி, ஏழைக்கேத்த எள்ளுருண்டைன்னு விட்டுட்டேன். ரெண்டாவதுக்கு ஏழு. இதுக்கு எட்டு. போதாததுக்கு டிக்கியில தனியா ஒரு பேஸ் பெட்டி, கதவுல வெளிநாட்டுக் கம்பெனிப் பேரு. அப்படியிருந்தும் இடது பக்கம் ஒண்ணுமே இல்லைங்கிறாங்க என் வீட்டம்மா.

– ஒன் மினிட் சார். ஆக்சுவலா இது வெளியில வாங்கி மாட்டுற சிஸ்டம் இல்லை சார். கம்பெனியிலயே வச்சுத் தர்றது. இந்த வண்டியோட கண்ணாடி, சீட்டுத் துணி, கதவு கனம் எல்லாத்துக்கும் ஏத்த மாதிரி டியூன் பண்ணித்தான் அனுப்புறாங்க. ஒரு பக்கம் கேக்காமப் போக சான்ஸே இல்லை சார்.

– சான்ஸே இல்லைன்னுதான் எங்க பிளான்ட்லயும் சொல்லுவாங்க. திருவெறும்பூர்ல முப்பத்திநாலு வருஷம் இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவன்மா இந்த முருகானந்தம். உன்னைக் குறை சொல்லலை. டெஸ்ட்னா டெஸ்ட்டா இருக்கணும், அவ்வளவுதான்.

– நாங்க டெமோவுக்குன்னு வச்சிருக்கற பாட்டைப் போடவே விடலையே சார் நீங்க.

– விட மாட்டேன். பாலக்கரையில கலீம்னு நம்ம சிநேகிதன், இருபது வருஷமா கார் ஸ்பீக்கர் கடை வச்சிருக்கான். அவன் படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பியிருக்கான். ஷோரூம்காரங்க போடுற பாட்டு தகர டப்பாவுலகூட தம் தம்முன்னு எடுப்பாத்தான் இருக்கும், மயங்கிடாதீங்க, மனப்பாடமாத் தெரிஞ்ச கச்சேரி ஒண்ணைக் கொண்டு போங்கன்னான். பேஸு, ட்ரெபிள் எல்லாத்தையும் நடுவுல வைக்கணும். மூணு வண்டியிலயும் ஒரே சத்தம் இருக்கணும், ஏன்னா சத்தம் கூடினாலே காது நல்லாருக்குன்னு ஏமாந்துடுமாம். அதுக்குத்தான் போன்ல சத்தம் அளந்து அளந்து வைக்கிறேன், நோட்டுல மார்க்கும் போடுறேன்.

– அளந்தது போதும், வண்டியை எடுங்க. ஊரான் வீட்டு வாசல்ல அரை மணி நேரமா நிறுத்திட்டுக் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கோம். அம்மா மண்டபம் படித்துறைக்குத் திதி கொடுக்க வந்தவங்கன்னு நினைச்சுக்கப் போறாங்க.

– இரு சுபா. என் காது பிளான்ட் சத்தத்துல எப்பவோ மழுங்கிடுச்சும்மா. இவ காதை நம்பித்தான் வந்திருக்கேன். உற்சவப் புறப்பாட்டுல நாயனத்துல ஒரு இழை சுருதி விலகட்டும், எனக்கு ஒண்ணும் தெரியாது, இவ மூஞ்சி சுருங்கும். நாங்க வாழ்க்கையிலயே வாங்கப் போறது ஒரு கார்தான். இவ காது எதைச் சரின்னு சொல்லுதோ அதுக்குத்தான் இன்னைக்குக் கையெழுத்து.

– என் காதை இதுல எதுக்கு இழுக்குறீங்க? உங்களுக்குப் புடிச்சதை எடுங்களேன்.

– ஏம்மா, அந்தத் திரையில இடது வலதுன்னு ஒரு புள்ளி நகருமே, அதை இடது பக்கமே முழுக்கத் தள்ளு. வலது பக்கம் ஒரு பொட்டுச் சத்தம் வரக் கூடாது. தள்ளிட்டியா? சுபா, இப்பச் சொல்லு.

– இப்ப... தூரத்துல கேக்குது. அடுத்த தெருவுல பாடுற மாதிரி.

– கேட்டுக்கோம்மா. ஸ்பீக்கர் இவ முட்டிக்குப் பக்கத்துல இருக்கு, பாட்டு அடுத்த தெருவுல இருக்காம். உங்க டெக்னீஷியனைக் கூப்பிடு, ஒயரைக் கழட்டிப் பாக்கட்டும்.

– கூப்பிடறேன் சார். அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை முன் சீட்டுல உக்காந்து கேக்கவா? மேம், கொஞ்சம் இறங்குறீங்களா? மேம்... மேம்...

– சுபா, பொண்ணு உன்னை இறங்கச் சொல்லுது.

– அடடா, பாட்டுல கவனிக்கலை பாப்பா. இந்தா இறங்கிட்டேன். அந்த வீட்டுல இந்தக் காலத்துலயும் எவ்வளவு பெரிய கோலம் பாருங்க. நான் அங்க நிழல்ல நிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் ஆராய்ச்சியை முடிங்க.

– என்னம்மா சொல்லுது உன் காது?

– நல்லாக் கேக்குது சார். விரல் விழறதுகூட கேக்குது.

– நீ விக்கிறவ, கேக்குதுன்னுதான் சொல்லுவே. இறங்கு, நான் உக்காருறேன்... அதே இடத்துலேருந்து போடு.

– போட்டாச்சு சார்.

– ம்.

– சார்?

– கேக்குது. மிருதங்கம் இந்தா, என் தோள்மேல உக்காந்திருக்கு. என் மழுங்கின காதுக்கே கேக்குது. எங்க பிளான்ட்ல புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாளே ஒண்ணு சொல்லிக் கொடுப்பேன்மா. மூணு பீஸும் ஒரே இடத்துல ஒரே மாதிரி தப்புன்னு காட்டினா, பீஸைத் திருப்பி அனுப்பாதே. முதல்ல அளக்குற கேஜை...

– ஏன் சார் நிறுத்திட்டீங்க?

– ஒண்ணுமில்லை. பாட்டை அணை.

– சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? காலையிலேருந்து நான் மேமுக்கு நேர் பின்னாடிதான் உக்காந்து வரேன். முதல் வண்டியில தண்ணி வேணுமான்னு மூணு தடவை கேட்டேன். பதிலே இல்லை. என்மேல ஏதோ கோவம்னு நினைச்சேன். அப்புறம் உங்க சீட்டுப் பக்கமா எட்டிக் கேட்டேன், உடனே சிரிச்சுக்கிட்டே வாங்கிக் குடிச்சாங்க. எங்க அத்தைக்கும் இப்படித்தான் சார். கல்யாண வீட்டுல எப்பவும் சுவரோரமாப் பாத்து உக்காருவாங்க, கேக்காத பக்கம் சுவரா இருக்கட்டும்னு.

– மெதுவாப் பேசும்மா. நாலடி தள்ளிதான் நிக்கிறா.

– மேம் நமக்கு இடது பக்கத்தைக் காட்டிட்டு நிக்கிறாங்க சார்.

– இரும்மா, நான் என் சீட்டுக்கே போறேன்.

– மெயின் ரோட்டுல கரும்புச்சாறு கடை இருக்கு. வாங்கிட்டு வரேன் சார். நிதானமாத்தான் வருவேன்.

– போயிட்டு வாம்மா. சுபா... சுபா... ஏ சுபா, இந்தப் பக்கம் திரும்பு.

– கூப்பிட்டீங்களா? பஸ் சத்தத்துல விழலைங்க.

– இந்தச் சந்துல பஸ்ஸே வராது சுபா. ஏறி உக்காரு. நான் என் சீட்டுக்கு வந்துட்டேன், வா. எந்தக் காது?

– என்னது எந்தக் காது?

– சுபா.

– இடது.

– எப்பலேருந்து?

– அந்தப் பொண்ணு எங்க போச்சு? வெயில்ல அதை எதுக்கு அலைய விடுறீங்க?

– எப்பலேருந்துன்னு கேட்டேன்.

– நம்ம பொண்ணு கல்யாணத்துலேருந்து. பந்தக்கால் நட்ட அன்னைக்குக் காலையில எந்திரிக்கும்போதே ஙொய்னு ஒரே இரைச்சல். காதுக்குள்ள யாரோ பஞ்சை வச்சு அடைச்ச மாதிரி. இரைச்சல் அப்புறம் நின்னுருச்சு. கூடவே எல்லாம் நின்னுருச்சு.

– ரெண்டு வருஷம். ஒரே வீட்டுல, ஒரே கட்டில்ல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தூக்கிட்டு ஓடியிருக்க மாட்டேனா? அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

– சொன்னேங்க.

– யார்கிட்ட?

– விடுங்க. நடந்தது நடந்து போச்சு.

– யார்கிட்ட சொன்னே சுபா?

– உங்ககிட்டதான். நீங்க சமையல்காரர்கூட போன்ல இருந்தீங்க, இலைக்கு ரெண்டு வடையா மூணு வடையான்னு. போனைக் கையால பொத்திக்கிட்டு, குளிக்கும்போது தண்ணி போயிருக்கும், தலையைச் சாச்சு ஒத்தக் கால்ல குதின்னீங்க. குதிச்சேன். கனிஷ்காகூட பாத்துட்டு, கல்யாணம் எனக்கா உனக்காம்மான்னு சிரிச்சா.

– நான் அப்படியா சொன்னேன்?

– பாத்தீங்களா, உங்களுக்கே நினைவில்லை. உங்களுக்கு நினைவில்லாததை நான் எதுக்கு எடுத்துக் கையில கொடுக்கணும்?

– டாக்டர்கிட்டயாவது போனியா இல்லையா?

– போனேன். கல்யாணம் முடிஞ்சு, மறுவீடு முடிஞ்சு, வந்த சனமெல்லாம் ஊருக்குப் போய்ச் சேந்து, பதினாறு நாள் கழிச்சு. எதிர்வீட்டு சாரா பீவி அக்காதான் ஆட்டோவுல தில்லை நகருக்குக் கூட்டிட்டுப் போச்சு. தலையில மாட்டி ஏதேதோ சத்தமெல்லாம் வச்சுப் பாத்தாரு டாக்டர். இது அடைப்பு இல்லம்மா, நரம்பு, ரெண்டு மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மருந்து கொடுத்துப் பாத்திருக்கலாம், கொஞ்சம் திரும்பியிருக்கும், திரும்பாமலும் இருந்திருக்கும்னாரு. வெளியில வந்ததும் அக்கா, இன்னைக்கே உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுன்னுச்சு. நான்தான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு கையைப் புடிச்சுக் கேட்டுக்கிட்டேன்.

– ஏன்?

– உங்களை எனக்குத் தெரியாதா? உங்க தங்கச்சி கல்யாணப் பந்தியில ஒரு இலைக்கு அப்பளம் விட்டுப்போச்சுன்னு இருபத்தஞ்சு வருஷமாப் புலம்புறவரு. இதைச் சொன்னா என்ன ஆவீங்க?

– ரெண்டு மூணு நாள்னா சொன்னாரு?

– ஆரம்பிச்சுட்டீங்க பாருங்க.

– முதுகு வலின்னு சொல்லிக் கட்டில்ல இடம் மாத்திப் படுத்தியே, அது இதுக்குத்தானா?

– ஆமா.

– ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்துகிட்டு நான் எது சொன்னாலும் ஊம் ஊம்னு சொல்லுவியே?

– காத்துல ஒண்ணும் விழாதுங்க. உங்க முதுகு ஆடுறது நின்னா பேசி முடிச்சுட்டீங்கன்னு அர்த்தம். ஒரு ஊம் போட்டுடுவேன்.

– லால்குடி நிலத்தை வித்துடலாமான்னு கேட்டேன். அதுக்கும் ஊம்தான் போட்டே.

– ஐயையோ. வித்துட்டீங்களா?

– இல்லை.

– நல்லவேளை. எங்க அப்பா கொடுத்தது அது.

– சிரிக்காதே சுபா. முப்பத்திநாலு வருஷம் அடுத்தவன் செஞ்சதுல மயிரிழை வெடிப்பைத் தேடினவன். வீட்டுல இருந்தது தெரியலை.

– நான் காட்டினாத்தானே தெரியும்? நீங்க வலது பக்கம் இருக்கற மாதிரியே பாத்துப் பாத்து உக்காந்தேன். நல்லாத்தான் மறைச்சிருக்கேன். அதுக்காவது நாலு மார்க் போடுங்க உங்க நோட்டுல.

– நோட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வண்டியைக் கொண்டுபோய் ஷோரூம்ல விட்டுட்டு வேற டாக்டரைப் பாப்போம். சென்னைக்கு வேணாலும் போவோம். எட்டு ஸ்பீக்கர் வச்சு இனிமே யாருக்கு?

– டாக்டர்கிட்ட வரேன். மெஷின் வைக்கலாம்னா அதையும் வச்சுக்கிறேன், இனிமே உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. ஆனா காரு வேணுங்க.

– எந்தக் காரு? மூணும் ஒண்ணுதான்னியே.

– பாட்டு மூணுலயும் ஒண்ணுதான்.

– அப்புறம் என்னத்தை வச்சுத்தான் சொல்லுவே?

– நீங்களும் அந்தப் பொண்ணும் பாட்டைக் கேட்டுக்கிட்டு வந்தீங்க. நான் நீங்க பேசுறது விழுதான்னுதான் பாத்துக்கிட்டு வந்தேன். ரெண்டாவது வண்டியில அகல டயரு, அந்த இரைச்சல்ல பாதிப் பேச்சு போயிருச்சு. இதுல ஏசிக் காத்துச் சத்தம். அந்த நாலு ஸ்பீக்கர் வண்டியில காவேரிப் பாலத்துமேல வரும்போது, பாட்டை நிறுத்திட்டு எட்டிப் பாத்தீங்க, இவ்வளவு தண்ணி போகுதே, இவளை ஆத்துல இறக்கி விட்டா பொழுது சாயற வரைக்கும் கரை ஏற மாட்டாளேன்னு உங்களுக்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டீங்க. எங்கிட்டகூட சொல்லலை. அது கேட்டுச்சுங்க எனக்கு. அந்த வண்டியையே எடுங்க.